இன்வெர்ட்டர் பேட்டரி: பச்சை விளக்கை நம்பலாமா?

கேள்வி: அண்ணே, என்னுடையது 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) ட்யூபுலர், அதாவது குழாய்த் தகடு பேட்டரி. பச்சை விளக்கு எரிகிறது, மீட்டரிலும் 13.6 வோல்ட் காட்டுகிறது. ஆனால் நாலு மணி நேரம் ஓடியது இப்போது ஒன்றரை மணி நேரத்தில் படுத்துவிடுகிறது.

பதில்: தம்பி, அந்த 13.6 சார்ஜர் கொடுக்கும் வோல்ட், பேட்டரியுடையது இல்லை. இன்வெர்ட்டரை அணைத்து, வயரைக் கழற்றி, நாலு மணி நேரம் சும்மா விட்டு அளந்து பாருங்கள். கார் பேட்டரி நிறைந்தால் 12.7 வரும். ட்யூபுலரில் ஆசிட் அடர்த்தி குறைவு, அதனால் 12.5 வந்தாலே நிறைவு. 12.1 என்றால் பாதிதான்.

அப்புறம் பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லிலும் (அறையிலும்) ஆசிட் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பாருங்கள். நிறைந்திருந்தால் 1.240 பக்கம் நிற்க வேண்டும். எங்கள் வீட்டுப் பழைய பேட்டரியில் மூன்றாவது செல்லில் மட்டும் மிதவை எழும்பவே இல்லை. குழாயில் ஏறிய ஆசிட்டும் பழுப்பாகக் கலங்கியிருந்தது. தகட்டிலிருந்து பொருள் உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு செல் போனால் மற்ற ஐந்தும் நன்றாக இருந்தும் பயனில்லை.

கேள்வி: மட்டம் குறைந்துவிட்டது. கொஞ்சம் ஆசிட் ஊற்றலாமா சார்?

பதில்: வேண்டவே வேண்டாம். குறைவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், அதுவும் சார்ஜ் முடிந்த பிறகு. தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முதலிலேயே ஊற்றிவிடுங்கள்.

கேள்வி: பேட்டரியைப் படுக்கையறை அலமாரிக்குள் வைக்கலாமா?

பதில்: கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்ற ஒரு பொறி போதும். காற்றோட்டமான இடத்துக்கு இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்கியிருக்கிறேன். அதற்கும் வோல்ட் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. சார்ஜ் 80 சதவீதத்திலிருந்து 30-க்கு இறங்கினாலும் வோல்ட் பெரிதாக அசையாது. உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியரை எண்ணும் ஷண்ட் மீட்டர் போடுங்கள். நாலு செல் பேட்டரிக்கு 14.6 வோல்ட்தான் உச்சம், அதைத் தாண்டவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணே, முதலில் கேட்டவன்தான். 12.1 வருகிறது. ஆறு செல்லும் 1.170.

பதில்: நல்ல செய்தி! எல்லாம் ஒரே அளவில் இருப்பதால் செல் எதுவும் சாகவில்லை, சார்ஜ்தான் பற்றவில்லை. இன்வெர்ட்டரின் பின்னால் பேட்டரி வகை சுவிட்ச் இருக்கும், ட்யூபுலரில் இருக்கிறதா பாருங்கள். 15 ஆம்பியர் அளவில் ஏறி, 14.4 வோல்ட்டைத் தொட வேண்டும். இரவு முழுக்க விட்டு, காலையில் ஆறு செல்லையும் மறுபடி அளந்து எழுதுங்கள், பார்க்கலாம்.