வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அடிமை முறையை எதிர்த்து எழுதிய அமெரிக்கப் பத்திரிகையாளர் எலைஜா லவ்ஜாய் அடிமை முறை இல்லாத மாநிலத்தில்தானே கொல்லப்பட்டார்? அங்கேயும் ஏன் எதிர்ப்பு?

பதில்: ஆமாம், இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் நகரில். சட்டம் அடிமை முறையைத் தடுத்தாலும், அந்த ஆற்றங்கரை ஊரின் வியாபாரம் தெற்கு மாநிலங்களை நம்பியிருந்தது. 1836-இல், அடிமை முறை இருந்த பக்கத்து மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் மெக்கின்டாஷ் என்ற கறுப்பினத்தவரைக் கும்பல் உயிரோடு எரித்ததைக் கண்டித்து எழுதியதால், அங்கிருந்து லவ்ஜாய் விரட்டப்பட்டார். ஆல்டனிலும் எதிர்ப்பாளர்கள் அவருடைய மூன்று அச்சு இயந்திரங்களை உடைத்தார்கள். அச்சு இயந்திரம் போனால் பத்திரிகையே நின்றுவிடும். அதனால்தான் குறி அதன்மேல்.

நான்காவது இயந்திரம் கில்மன் என்ற வியாபாரியின், கல்லால் கட்டிய கிடங்கில் பத்திரமாக வைக்கப்பட்டது. ஆனால் அதன் கூரை மரம்! 1837 நவம்பர் 7 இரவு, ஏணி சாத்தி அதற்குத் தீ வைக்க முயன்றார்கள். ஏணியைத் தள்ள வெளியே வந்த லவ்ஜாயைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 34. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை என்பதுதான் பெருங்கொடுமை.