எடைக்கா காசு, முகத்துக்கா?

கேள்வி: எங்கள் நூலகத்தில் பாரதி நினைவாக ஓர் அடி உயர வெண்கல மார்பளவுச் சிலை வைக்கிறோம். டிசம்பர் 11 திறப்பு. சுவாமிமலைச் சிற்பிகளிடம் பேசியிருக்கிறோம். உள்ளும் புறமும் கெட்டியாக வார்த்தால்தான் மதிப்பு என்கிறார் பொருளாளர். சரிதானா?
- வாசகர் வட்டத்தார், விருதுநகர்

பதில்: பொருளாளர் பாத்திரக்கடைக் கணக்குப் போடுகிறார். கோயில் உற்சவரைக் கெட்டியாக வார்ப்பது மரபு; கைகாலெல்லாம் மெலிந்த உருவம், ஓரளவு சீராக ஆறிவிடும். மார்பளவுச் சிலையில் தலையும் தோளும் பெருங்கட்டி. வெளிப்புறம் முதலில் இறுகும். கடைசியாக ஆறும் நடுப்பகுதி சுருங்கும்போது மேற்பரப்பை உள்ளே இழுக்கும். கன்னத்தில் குழி விழுந்த பாரதியா வேண்டும்? உள்ளே மண்கரு வைத்து, நாலைந்து மில்லிமீட்டர் கனத்தில் பொள்ளலாக வார்க்கச் சொல்லுங்கள். கருவை அசையாமல் பிடிக்க ஆணிகள் வேண்டும். அது நகர்ந்தால் ஒரு பக்கம் தடிக்கும், மறுபக்கம் ஓட்டை விழும்.

முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில்தான் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆகவே உலோகக் கணக்கு எளிது. மெழுகு உருவத்தின் எடையைப்போல் ஏறத்தாழ எட்டொன்பது மடங்கு, உலோகம் ஓடும் குழாய்களுக்குத் தனி. எடையில் மிச்சமாகும் பணத்தை முகத்துக்குச் செலவிடுங்கள். தாளம் என்ற மரபு அளவுக் கணக்கில் தெய்வ உருவம் செய்து பழகிய கைக்கு மனித முகச்சாயல் வேறு வேலை. சாயல் பிடிப்பவர் யாரென்று கேட்டுக்கொள்ளுங்கள். பாரதிக்கு இருக்கும் புகைப்படங்களே விரல்விட்டு எண்ணக்கூடியவை. தாடியுள்ள முகமா, மீசை மட்டுமா என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள். குழு கூடித் திருத்தித் திருத்திக் கடைசியில் யாரோ ஒரு தலைப்பாகைக்காரர் வந்து நிற்பார்.

உங்கள் சண்டையெல்லாம் மெழுகில் நடக்கட்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்ந்த அந்த உருவத்தைப் பகல் வெளிச்சத்தில், பீடத்தின் உயரத்தில் வைத்து, பக்கவாட்டிலும் பாருங்கள். மூக்கைத் திருத்த அங்கே சில நிமிடம் போதும். ஒப்புதல் கையெழுத்தான பிறகே வண்டல்மண் பூச வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மெழுகு உருகி ஓடியபின் திரும்பி வராது.

இனி தேதி. மண் அச்சு நிழலில், பூச்சுக்குப் பூச்சு காய வேண்டும். ஈரம் மிஞ்சினால் ஆவி கிளம்பி உலோகத்தில் துளைகள் விழும். அச்சைப் போதிய அளவு சூடாக்காமல் ஊற்றினால் மீசை நுனிக்கும் முண்டாசு மடிப்புக்கும் போவதற்குள் உலோகம் உறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஸ்தபதியை விரட்டினால் இரண்டுமே நடக்கும். ஆவணிக்குள் வார்ப்பு முடிந்தால் சீவி, செதுக்கி, நிறமேற்ற நாள் கிடைக்கும்.

திறந்த பிறகு தயவுசெய்து யாரும் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். காசு கொடுத்து ஏற்றிய பழுப்பு நிறம் ஒரே தேய்ப்பில் போய்விடும். உலர்ந்த துணியால் தூசி தட்டி, ஆண்டுக்கொரு முறை மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுங்கள். ஈர மாலையை இரவில் கழற்றிவிடுங்கள்.