பின்னங்கால் முதலில் வந்த குட்டி

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, சைக்கிள்கள் நிறுத்தும் மூலையில், நான் தினமும் சாப்பாடு வைக்கும் தெருப்பூனை குட்டி போட்டது. முதல் குட்டியின் பின்னங்கால்கள் வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டன. இழுக்கப் பயம். “வாயில்லா ஜீவன், ஈனும்போது கிட்டப் போகாதே” என்று அம்மாவும் தடுத்தார். அரை மணிக்கு மேல் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு டாக்சி பிடித்து மருத்துவரிடம் போனோம். அந்தக் குட்டி போய்விட்டது. அடுத்த இரண்டும் பிழைத்தன. தாயும் குட்டிகளும் இப்போது என் அறையில். நான் முதலிலேயே கை வைத்திருக்க வேண்டுமா?

இ.

அன்புள்ள இ.,

நீங்கள் கை வைக்காதது தவறில்லை. இன்னும் சீக்கிரம் கிளம்பியிருக்கலாம். இதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை வேறொரு பூனைக்கும் நீங்கள்தான் பக்கத்தில் இருப்பீர்கள்.

பின்னங்கால் முதலில் வந்தாலே ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். பூனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குட்டி அப்படித்தான் பிறக்கிறது, பெரும்பாலும் சிக்கலில்லாமல். கவனிக்க வேண்டியது கடிகாரத்தை. தாய் விடாமல் முக்கி 20 நிமிடம் ஆகியும் குட்டி வரவில்லையா, பாதி வந்த குட்டி 10 நிமிடமாக நகரவில்லையா, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிறத் திரவம் கசிகிறதா, உடனே கிளம்ப வேண்டும். கால் முதலில் வரும் குட்டிக்குத் தலை இன்னும் உள்ளே இருக்கும். தொப்புள்கொடி நசுங்கிவிட்டால் மூச்சுக்கு வேறு வழியில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் அங் மோ கியோவில் நான் இழுத்தேன். தாய் முக்காத நேரத்தில், காலைப் பிடித்து. குட்டி உயிரில்லாமல் வந்தது. அதன் எடை இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. பிறகு ஒரு கால்நடை மருத்துவர் சொல்லிக்கொடுத்தார்: வெதுவெதுப்பான ஈரத்துணியால் குட்டியின் இடுப்பைப் பிடிக்க வேண்டும், காலைப் பிடிக்கக் கூடாது. தாய் முக்கும்போது மட்டும் கீழ்நோக்கி மெல்ல; அவள் ஓய்ந்தால் நம் கையும் ஓய வேண்டும். அசையவில்லையென்றால் கூடையில் வைத்துக் கிளம்பிவிட வேண்டும். சிங்கப்பூரில் இரவிலும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனைகள் உண்டு. ஒன்றின் எண்ணை இன்றே கைப்பேசியில் சேர்த்துவையுங்கள்.

அம்மா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆள் கூடினால் மிரண்ட பூனை பிரசவத்தையே நிறுத்தி வைத்துக்கொள்ளும். அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, எட்டி உட்காருங்கள். பிறந்த குட்டியின் சவ்வைத் தாய் நக்கிக் கிழிக்காவிட்டால் மட்டும் நாம் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, துண்டால் நன்றாகத் தேய்க்க வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் 2024 செப்டம்பர் 1 முதல் பூனை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் தேவை, வீட்டுக்கு இரண்டுதான். உங்களிடம் மூன்று. எட்டு வாரம்வரை குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். பிறகு ஒன்றுக்கு வீடு தேடலாம். பால் கொடுக்கும்போதே தாய் மறுபடி சினையாகலாம். அதனால் கருத்தடை முடியும்வரை அவளை வெளியே விட வேண்டாம்.

சமையலறைத் தராசில் தினமும் காலையில் குட்டிகளின் எடையைப் பாருங்கள். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும், நாளொன்றுக்கு 10 கிராமாவது கூட வேண்டும். கூடவில்லையென்றால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பசும்பால் ஊற்றிப் பார்க்காதீர்கள். எடை எவ்வளவு கூடுகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.