பக்கத்து வீட்டு அம்மா எதற்குச் சிறைக்குள் போகிறார்: கோத்தகிரித் தம்பிக்கு ஒரு பதில்

கோத்தகிரியிலிருந்து கலிபோர்னியா வந்து ஒரு வருடம்கூட ஆகாத தம்பி ஒருவர் அக்கா என்று கூப்பிட்டு நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். வாடகை எங்கே குறைவு, பழைய கார் வாங்கலாமா, பள்ளிக்கூடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பவை முதல் மூன்று. நான்காவது இது: பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா, “நாளை கவுண்டி ஜெயிலைப் பார்வையிடப் போகிறோம், நான் கிராண்ட் ஜூரியில் இருக்கிறேன்” என்றாராம் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி). போலீஸும் இல்லை, அதிகாரியும் இல்லை, அவரை எப்படி உள்ளே விடுகிறார்கள்? தம்பிக்கும் கோர்ட்டிலிருந்து ஜூரி கடிதம் வந்திருக்கிறது. போக வேண்டுமா, போகாவிட்டால் விசாவுக்கு ஆபத்தா?

வாடகை, கார், பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் உங்கள் ஆபீஸிலேயே பத்துப் பேர் சொல்வார்கள், தம்பி. நான்காவது கேள்விக்கு நம் ஆட்களிடம் பதில் கிடைக்காது. வந்த புதிதில் கோர்ட் முத்திரை போட்ட உறையைத் தபால்பெட்டியில் பார்த்தால் எப்படி வயிற்றைக் கலக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கடிதம். அது வழக்கு விசாரணை ஜூரிக்கான, அதாவது கோர்ட்டில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கான அழைப்பு. பெயர்ப் பட்டியலை வாக்காளர் பட்டியலிலிருந்து மட்டும் எடுப்பதில்லை, ஓட்டுநர் உரிமம் தரும் டி.எம்.வி.யிலிருந்தும் எடுக்கிறார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கும் கடிதம் வருவது அதனால்தான். அதில் “நான் அமெரிக்கக் குடிமகன் இல்லை” என்ற கட்டம் இருக்கும். அதை நிரப்பி, சொன்ன தேதிக்குள் திருப்பி அனுப்புங்கள். கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். அதைவிட முக்கியம், ஆர்வத்திலோ அவசரத்திலோ குடிமகன் என்ற கட்டத்தில் குறி போட்டுவிடாதீர்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக ஆனால் பின்னால் கிரீன் கார்டே கிடைக்காமல் போகும், நாடு கடத்தவும் அது காரணமாகும். டி.எம்.வி. படிவத்தில் வாக்காளராகப் பதிவு செய்யவா என்று கேட்கும் இடத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். வரிசையில் பின்னால் ஆள் நிற்கிறார் என்று படிக்காமல் கையெழுத்துப் போடுவது நம் ஆட்களின் கெட்ட பழக்கம்.

இன்னொன்று. “ஜூரிக்கு வரவில்லை, வாரண்ட் இருக்கிறது, உடனே கிஃப்ட் கார்டில் பணம் கட்டு” என்று போன் வந்தால் அது மோசடி. எந்தக் கோர்ட்டும் அப்படிப் பணம் கேட்காது. வைத்துவிடுங்கள்.

அந்த அம்மா இருப்பது வேறு ஜூரி. கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளிலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது கிராண்ட் ஜூரியை அமைத்தே ஆக வேண்டும் என்பது மாநில அரசமைப்புச் சட்டம். பெரும்பாலான இடங்களில் 19 பேர், லாஸ் ஏஞ்சல்ஸில் 23 பேர். பெரும்பாலும் ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை பதவிக்காலம். கவுண்டி அலுவலகங்கள், நகராட்சிகள், பள்ளி வாரியங்கள், தண்ணீர், தீயணைப்பு, கொசு ஒழிப்பு, இடுகாடு என்று தனித்தனியாக இயங்கும் சிறப்பு மாவட்டங்கள் வரை எல்லாவற்றின் நடைமுறையையும் இவர்கள் விசாரிக்கலாம். இவற்றில் எதை விசாரிப்பது என்பது அவர்கள் விருப்பம். ஆனால் கவுண்டிக்குள் இருக்கும் சிறைகளின் நிலையையும் நிர்வாகத்தையும் ஒவ்வொரு ஆண்டும் பார்த்தே ஆக வேண்டும் என்பது தண்டனைச் சட்டத்தின் 919ஆம் பிரிவு. நியாயமான எந்த நேரத்திலும் சிறைக்குள் போகவும், கவுண்டியின் பொது ஆவணங்களைக் கட்டணமில்லாமல் பார்க்கவும் 921ஆம் பிரிவு உரிமை தருகிறது. அந்த அம்மாவை உள்ளே விடுவது இந்தச் சட்டம்தான், யாருடைய தயவும் இல்லை.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். குன்னூர் நகராட்சியின் டெண்டர் கோப்பு, ரேலியா அணைத் தண்ணீரை எந்த வார்டுக்கு எந்த நாளில் திறந்துவிட்டார்கள் என்ற பதிவேடு, கிளைச்சிறையின் சமையலறை, இத்தனையையும் ஓய்வுபெற்ற வாத்தியார், கடைக்காரர், நர்ஸ் என்று 19 ஊர்க்காரர்கள் ஒரு வருடம் உட்கார்ந்து திறந்து பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இது.

சிறைப் பார்வையில் என்ன பார்ப்பார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். விஷயம் தெரிந்த ஜூரி முதலில் பெயிண்ட் அடித்த சுவரைப் பார்க்க மாட்டார், பதிவேட்டைக் கேட்பார். கவுண்டி ஜெயிலில் காவலர் மணிக்கு ஒரு முறையாவது நடந்துபோய் ஒவ்வொரு கைதியையும் நேரில், கண்ணால் பார்க்க வேண்டும். போதை தெளிய வைக்கும் அறையில் அரை மணிக்கு ஒரு முறை, சிறார் காப்பகத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை. பதிவேட்டில் 1:00, 2:00, 3:00, 4:00 என்று வரிசையாக முழு மணியாகவே இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே எழுதியது என்று சந்தேகப்பட வேண்டும். நிஜமாக நடந்தவரின் பதிவு 1:07, 1:52, 2:49 என்று கோணல்மாணலாகத்தான் இருக்கும். இது சின்ன விஷயம் இல்லை. சிறைக்குள் தூக்கு மாட்டிக்கொள்பவரும் மாரடைப்பு வந்தவரும் காப்பாற்றப்படுவதும் கைவிடப்படுவதும் அந்த இடைவெளியில்தான்.

அடுத்து குறைகேட்பு சீட்டு. எத்தனை சீட்டு வந்தது, எத்தனைக்குப் பதில் போனது, எத்தனை நாளில் போனது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சீட்டே வரவில்லை என்று பெருமையாகச் சொன்னால், படிவம் கைதிகளின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, அதைப் போடும் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். மருத்துவரைக் கேட்டு எழுதிய சீட்டுகளையும் இப்படியே பார்க்க வேண்டும். ஆள் உள்ளே வந்த அன்றே மருந்துப் பட்டியல் எடுத்தார்களா என்பது தனிக் கேள்வி. சர்க்கரை நோய்க்காரருக்கும் வலிப்பு நோய்க்காரருக்கும் முதல் இரண்டு நாள்தான் கண்டம். சுகாதார அதிகாரி ஆண்டுதோறும் தரும் அறிக்கை, தீயணைப்புத் துறை அறிக்கை, மாநிலச் சிறைச் சீர்திருத்த வாரியத்தின் ஆய்வறிக்கை ஆகிய மூன்றையும் போவதற்கு முன்பே படித்துவிட்டுப் போகாவிட்டால், ஜெயிலை நடத்தும் ஷெரிஃப் அலுவலகம் காட்டுவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பகல் ஷிஃப்டில் கேட்ட கேள்வியையே இரவு ஷிஃப்டிலும் கேட்க வேண்டும். பதில் மாறும் இடத்தில்தான் விஷயம் இருக்கும்.

இந்தச் சிறைகளை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கவுண்டி ஜெயில் என்பது விசாரணைக் கைதிகளுக்கும் ஒரு வருடத்துக்கு உட்பட்ட தண்டனைக்கும் கட்டியது. 2011ல் மாநிலச் சிறைகளின் நெரிசலைக் குறைக்கப் கடுமையோ வன்முறையோ இல்லாத குற்றங்களுக்கான தண்டனையைக் கவுண்டிகளின் தலையில் வைத்தார்கள். சில மாதத்துக்காகக் கட்டிய அறையில் ஆட்கள் வருடக்கணக்கில் இருக்கிறார்கள். வைத்திய வசதி, முற்றம், வகுப்பறை எதுவும் அதற்கு ஏற்றதில்லை.

குடிவரவுத் துறையின் காவல் மையங்கள் மத்திய அரசின் கீழ் வருபவை. கிராண்ட் ஜூரி மத்திய, மாநிலத் துறைகளை விசாரிக்காது, நீதிமன்றங்களையும் தொடாது. குடிவரவுக் காவல் மையங்களைப் பார்வையிட்டு அறிக்கை தரும் பொறுப்பை 2017ல் மாநில அட்டர்னி ஜெனரலுக்கு (மாநில அரசின் தலைமை வழக்கறிஞருக்கு) ஒரு சட்டம் கொடுத்தது. உறவினர் யாராவது அங்கே மாட்டிக்கொண்டால் முதலில் வக்கீல், மற்றது பிறகு.

இனி உங்களால் இன்று என்ன முடியும் என்று பார்ப்போம். ஜூரியாக இருக்கக் குடியுரிமை வேண்டும். புகார் கொடுக்க வேண்டாம். கவுண்டி கோர்ட்டின் பக்கத்திலோ கிராண்ட் ஜூரியின் பக்கத்திலோ புகார்ப் படிவம் இருக்கும். எந்தத் துறை, என்ன நடந்தது, எந்தெந்தத் தேதியில், இதற்கு முன் யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் தந்தார், வேறு யாரைக் கேட்டால் தெரியும் என்று எழுதுங்கள். ஆவணங்களின் நகலை மட்டும் இணையுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். ஒரு புகாரில் ஒரே விஷயம். நம் ஆட்கள் எழுதினால் குப்பை லாரியில் தொடங்கிப் பக்கத்து வீட்டு நாய், ஸ்கூல் பஸ், மேயரின் குணம் என்று போய் முடியும். அப்படி வந்த கடிதத்தை யாராலும் விசாரிக்க முடியாது.

உங்கள் அபராதத்தைத் திருப்பிக் கொடு என்றும் கேட்காதீர்கள். ஒருவருக்கு நிவாரணம் தருவது அவர்கள் வேலை இல்லை, துறையின் நடைமுறை சரியா என்று பார்ப்பதுதான் வேலை. கோர்ட்டில் நிலுவையில் இருக்கும் வழக்கைத் தொட மாட்டார்கள். காலமும் முக்கியம். ஏப்ரலில் கொடுத்தால் ஜூனில் கலையப்போகும் ஜூரியால் ஒன்றும் செய்ய முடியாது. ஜூலை முதல் அக்டோபருக்குள் கொடுங்கள். கொடுத்த பிறகு பெரும்பாலும் பெற்றுக்கொண்டோம் என்ற கடிதத்தோடு சரி, விசாரிக்கிறார்களா இல்லையா என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். அலட்சியம் என்று நினைக்க வேண்டாம், ரகசியம் காப்பதாக அவர்கள் சத்தியம் செய்திருக்கிறார்கள். அந்த அம்மாவிடமும் இந்த வருட விசாரணை பற்றித் துருவாதீர்கள், அவர் வாய்விட்டால் அது குற்றம். உங்களைச் சாட்சியாகக் கூப்பிட்டுப் பேசினால் அதைத் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

அறிக்கை எப்படி உருவாகிறது என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் பலம் இருக்கிறது. ஒவ்வொரு முடிவுக்கும் ஆவணச் சான்று வேண்டும். பேட்டி எடுத்தால் குறைந்தது இரண்டு ஜூரிகள் உடன் இருக்க வேண்டும். 19ல் 12 பேர் சம்மதிக்க வேண்டும். குறை சொன்னால் தீர்க்கும் வழியையும் சொல்ல வேண்டும். அறிக்கை வெளிவந்தால் தேர்தலில் வென்ற ஷெரிஃப் போன்றவர் 60 நாளிலும், நகர மன்றம் போன்ற அமைப்பு 90 நாளிலும் எழுத்தில் பதில் தர வேண்டும். பரிந்துரைக்கு நான்கே விதப் பதில்தான் செல்லும்: செய்துவிட்டோம்; இன்ன காலத்துக்குள் செய்வோம்; ஆராய வேண்டும், அதுவும் 6 மாதத்துக்குள்; செய்ய மாட்டோம், காரணம் இது. செய்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அதிகாரம் ஜூரிக்கு இல்லை. வேண்டுமென்றோ ஊழலாகவோ தவறு செய்த அதிகாரியைப் பதவி நீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவரலாம், அது அபூர்வம். ஆனால் “மாட்டோம்” என்பதைக்கூடக் காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட வைப்பது லேசான காரியம் இல்லை.

ஊட்டியில் திங்கட்கிழமை மனு நாளுக்குக் கூடலூரிலிருந்து மலைப்பாதையில் முதல் பஸ் பிடித்து வந்து, மஞ்சள் பையில் பட்டா நகலை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். “தங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது” என்ற ஒரு வரியோடு திரும்புவார்கள். செய்வார்களா, எப்போது, ஏன் இல்லை என்பது எதுவும் அதில் இருக்காது. கோடப்பமந்து கால்வாயில் சாக்கடை ஓடி ஊட்டி ஏரியில் கலப்பதைப் பற்றி எத்தனை தலைமுறை மனு எழுதியிருக்கும்! 2005ல் தகவல் உரிமைச் சட்டம் வந்த பிறகு 10 ரூபாய் கட்டணத்தில் 30 நாளுக்குள் பதில் வாங்கலாம் என்று ஆனது. அதைப் பிடித்துக்கொண்டு தன் வார்டுத் தண்ணீர்க் கணக்கை வாங்கிய நம் மலைக்காரர்களை எந்த நாட்டிலும் தலைநிமிர்ந்து சொல்லலாம். அந்த விடாப்பிடி இங்கேயும் அப்படியே உதவும். இங்கே அதற்கு இணையான பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. குடியுரிமை கேட்பதில்லை, தனிப் படிவம் வேண்டாம், மின்னஞ்சல் போதும். தர முடியுமா முடியாதா என்று 10 நாளில் சொல்ல வேண்டும். நகர மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியே ஒட்ட வேண்டும், பொதுமக்கள் எழுந்து பேச நேரம் ஒதுக்க வேண்டும். உங்களுக்கும் அந்த நேரம் உண்டு.

நம்மவர்கள் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் இதில்தான். பொங்கல் விழா மேடையில் மேயருக்குப் பொன்னாடை போடுவார்கள், அதே மேயர் நடத்தும் கூட்டத்துக்கு ஒரு நாளும் போக மாட்டார்கள். விசா தேதியை மாதாமாதம் மனப்பாடமாகச் சொல்பவருக்கு, தன் தண்ணீர் வாரியத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாது. “நமக்கெதுக்கு வம்பு” என்பார்கள். விசாவில் இருக்கும்போது அந்தப் பயம் நியாயம். குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆன பிறகும் அதையே சொல்வது நியாயமில்லை. கிராண்ட் ஜூரியில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற, சொந்த வீடு உள்ளவர்கள் இருப்பதற்குச் சட்டம் சொல்லும் தினப்படி 15 டாலர் என்பதும் ஒரு காரணம். சில கவுண்டிகள் கூடுதலாகத் தருகின்றன, பயணச் செலவும் உண்டு. ஆனாலும் வாடகை கட்டி வேலைக்குப் போகிறவர் ஒரு வருடம் ஒதுக்குவது கஷ்டம். அப்படியென்றால் நம் சமூகத்தில் ஓய்வுபெற்ற குடிமக்கள் போகலாமே. பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் வங்கி அதிகாரிகள், தலைமையாசிரியர்கள், கணக்காளர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! கணக்குப் புத்தகத்தில் கோணலைக் கண்டுபிடிக்க அவர்களைவிட யார் வேண்டும்?

உங்கள் தெரிந்த வட்டத்தில் அப்படி யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள்: குடியுரிமை, 18 வயது, கவுண்டியில் ஒரு வருடமாவது வசிப்பு, ஆங்கிலம் புரிய வேண்டும், பெருங்குற்றத் தண்டனை இருக்கக் கூடாது, தேர்தலில் வென்ற பதவியில் இருக்கக் கூடாது. விண்ணப்பத்தைப் பெரும்பாலும் குளிர்காலத்திலிருந்து வசந்தம் வரை வாங்குவார்கள். நீதிபதி நேர்காணல் நடத்திய பிறகு குலுக்கல் போடுவார்கள். கேள்வி கடினமாக இருக்காது. கூட்டத்தில் மற்றவர் பேசுவதைக் கேட்பீர்களா, ரகசியம் காப்பீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். குலுக்கலில் பெயர் வராவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம், அதற்குத் தடை ஒன்றும் இல்லை.