கூர்நோக்கு இல்லத்தைக் கூர்ந்து பார்ப்பது யார்?

(கூர்நோக்கு இல்லம்: வழக்கு முடியும்வரை 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் இடம். அவர்கள் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் இரண்டு தவணை சமூகநல உறுப்பினராக இருந்தவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

மேடம், என் மகனுக்கு 16 வயது. பைக் திருட்டு கேஸில் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். போன வாரம் பார்க்கப் போனேன். "நல்லா இருக்கேம்மா" என்றான். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னால் மாட்டேன் என்றான். பக்கத்திலேயே வார்டன் நின்றிருந்தார். யாரிடம் சொல்வது? சொன்னால் இன்னும் அடிப்பார்களோ என்று பயம்.
– பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. அதனால் இல்லத்து ஆபீஸில் சொல்ல வேண்டாம். வழக்கு நடக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கே நேராகப் போங்கள். அங்கே உயர மேடையும் கிடையாது, கூண்டும் கிடையாது. ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகநல உறுப்பினர்கள்; அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பார். "என் மகனை வார்டன் இல்லாமல் தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள்" என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். உள்ளே இருக்கும் பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்ததாகப் புகார் வந்தால், எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி போலீஸுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு குழுமத்துக்குக் கொடுத்திருக்கிறது. செய்தவர் இல்லத்து ஊழியர் என்றால் 75ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை கடுங்காவல்.

இன்னொன்று. பைக் திருட்டுக்கு அவன் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறான்? 18 வயதுக்குக் கீழே இருந்தால் எந்தக் குற்றமானாலும் ஜாமீன் கொடுப்பதுதான் வழக்கம். மறுத்தால் காரணத்தை எழுதியாக வேண்டும். உங்களிடம் வக்கீல் இல்லையென்றால் 15100க்குப் போன் செய்யுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே ஏற்பாடு செய்யும்.

சமூகப் பணியில் முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) படிக்கிறேன். இந்த இல்லங்களை யாரெல்லாம் ஆய்வு செய்ய வேண்டும்? அது நடக்கிறதா, கண்துடைப்பா?
– மாணவி, மதுரை

காகிதத்தில் கண்களுக்குப் பஞ்சமே இல்லை. குழுமம் மாதம் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். மாவட்ட ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. குறைந்தது மூன்று பேர், அதில் ஒரு பெண், ஒரு மருத்துவர். அவர்கள் அறிக்கையை ஒரு வாரத்துக்குள் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும், அவர் ஒரு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். கலெக்டருக்கு இந்தப் பொறுப்பு வந்தது 2021 திருத்தத்தில். இவை போக மாநில குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வேறு.

நான் உறுப்பினராகி முதல் தடவை ஓர் இல்லத்துக்குப் போனபோது எல்லாப் பையன்களும் புதுச் சட்டையில் நின்றார்கள். மடிப்புக்கூடக் கலையவில்லை; ஒருவன் காலரில் கடைக்காரன் குத்திய குண்டூசி அப்படியே இருந்தது. நாங்கள் வருவது மூன்று நாள் முன்பே தெரியும். மறுமாதம் சொல்லாமல் காலை ஆறு மணிக்குப் போனோம். சுவரில் புகார்ப்பெட்டி, பூட்டில் துரு. அந்தச் சாவி இல்லத்துக்கு வெளியே, மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும், வாரம் ஒரு முறை பிள்ளைகள் முன்னால் திறக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 2016 மாதிரி விதி. அங்கே சாவி தொங்கியது கண்காணிப்பாளர் அறை ஆணியில்! திறந்தால் உள்ளே ஒரே ஒரு சீட்டு, பென்சிலில்: "கக்கூஸ் கதவுக்கு தாப்பா வேணும்."

தாழ்ப்பாள் வர ஐந்து மாதம் ஆனது. ஒவ்வொரு மாத அறிக்கையிலும் அதே வரியை எழுதினேன். "திரும்பத் திரும்ப இதையேவா எழுதுவீங்க மேடம்?" என்றார் மாஜிஸ்திரேட். "இன்னும் வரலையே சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார். எத்தனை தடவை போனாய் என்பதை வைத்து ஆய்வை நான் எடை போடுவதில்லை. போன தடவை எழுதியது என்ன ஆயிற்று என்று கேட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குவேன்.

ஆனால் மாதம் ஒரு முறை போகிறவர் கண்ணில் படாததும் உண்டு. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். ரயில்வே பேட்டரி திருடியதாக வழக்கு. உள்ளே வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அடித்ததாக ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அடுத்த ஆண்டு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. அந்தச் சாவுக்குப் பிறகு யார் என்னிடம் ஆய்வு பற்றிக் கேட்டாலும், பையன் வந்து சேர்ந்த முதல் ராத்திரியின் பதிவேட்டை முதலில் பார் என்கிறேன். அன்று யார் டூட்டி, உடம்பில் காயம் உண்டா என்று டாக்டர் எழுதினாரா, அவன் எங்கே படுத்தான். அடுக்களைக்கு அப்புறம் போகலாம்.

பார்க்க வேண்டியவர்களே கூட்டாளியானால்? பீகாரின் முசாபர்பூர் சிறுமியர் காப்பகம் தெரியும்தானே. அங்கே சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமையை 2018-இல் வெளியே கொண்டுவந்தது டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக் குழு செய்த தணிக்கை. 2020-இல் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்றது; ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டிய குழந்தைகள் நலக் குழுவில் இருந்தவர்களும் அதில் உண்டு. அதனால்தான் வெளியாள் தணிக்கை வேண்டும் என்கிறேன்.

தப்பு செய்தவனுக்கு இவ்வளவு உபசாரமா?
– வாசகர், ஈரோடு

கூர்நோக்கு இல்லத்தில் இருப்பவர் வழக்கு முடியாத பிள்ளைகள் ஐயா. தப்பு செய்தானா என்பதே இன்னும் முடிவாகவில்லை. கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் உபசாரமா?

ஓய்வுபெற்ற ஆசிரியன். எங்கள் ஊர் இல்லத்துக்குள் போய்ப் பார்க்க எனக்கு அனுமதி உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

நினைத்தபோது போக முடியாது சார், அது சரியும்கூட. பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் அதே 2015 சட்டத்தின் 74ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விழலாம். ஆனால் வெளியே நின்றும் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு மனு. பிள்ளைகள் பெயர் எதையும் கேட்காதீர்கள். கடந்த ஓராண்டில் ஆய்வுக் குழு போன தேதிகள், ஒவ்வொரு அறிக்கைக்கும் எடுத்த நடவடிக்கை, அது முடிந்த தேதி. இந்த மூன்று போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். மூன்றாவது கேள்விக்கு மட்டும் "விவரம் இல்லை" என்று வந்தால் மேல்முறையீடு செய்துவிட்டு எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.