ஜன்னல் கதவு சாய்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது கீலை அல்ல

வாசகர் கேள்வி: வள்ளியூர்ப் பக்கம் 1994-இல் என் தந்தையார் கட்டிய வீட்டில் இப்போது குடியிருக்கிறோம். ஜன்னல்கள் எல்லாம் தேக்கு. கதவுகள் வெளிப்புறமாகத் திறப்பவை. மேற்குப் பக்க ஜன்னல்களில் கீல்கள் துருவேறி, கதவுகள் சாய்ந்து கீழே உரசுகின்றன. தாழ்ப்பாள் ஓட்டையில் இறங்குவதில்லை, கைப்பிடிகள் ஆடுகின்றன. பார்க்க வந்த ஆசாரி, எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டுவிடலாம் என்கிறார். உவரியில் இருக்கும் என் தம்பி வீட்டிலோ, யுபிவிசி ஜன்னலின் கைப்பிடி ஆறே ஆண்டுகளில் பிடிப்பில்லாமல் சுற்றுகிறது. சாமான்களை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: போதும். நிலையைக் கறையான் தின்றிருந்தாலோ, கீழ்ச்சட்டம் மழைநீரில் உளுத்திருந்தாலோ ஒழிய, முப்பது ஆண்டுத் தேக்கு ஜன்னலைப் பெயர்த்தெடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு திருப்புளியை எடுத்து நிலையின் நான்கு மூலைகளிலும் அழுத்திக் குத்திப் பாருங்கள். முனை இறங்காமல் நின்றால் மரம் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஆனால் புதுக் கீல் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் இன்னொரு சோதனையும் பாக்கி இருக்கிறது. பலரும் அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே ஆசாரியை மறுபடியும் தேடுகிறார்கள்.

கதவைப் பாதி திறந்து, கீல் இல்லாத ஓரத்தின் கீழ்மூலையைக் கையால் மெல்ல மேலே தூக்குங்கள். தூக்கும்போது கண் மேல்கீலின் மேல் இருக்கட்டும். கீலின் இரண்டு பட்டைகளும் அசையாமல் நடுவில் உள்ள குழல் மட்டும் ஆடினால், உள்ளே இருக்கும் ஊசி தேய்ந்திருக்கிறது. குழலின் அடியில் கருப்பாக ஒரு தூள் படிந்திருப்பதையும் அப்போது பார்க்கலாம். பட்டையே நிலையை விட்டு ஒரு நூல் விலகி வந்தால் கீலின் மேல் குற்றமில்லை, ஸ்குரு ஓட்டை பெருத்துவிட்டது. இரண்டும் அசையாமல், கதவின் சட்டங்கள் கூடும் மூலையில் இடைவெளி திறந்து மூடினால் கழுந்து, அதாவது ஒரு சட்டத்தின் துளைக்குள் இறங்கும் மற்றச் சட்டத்தின் முனை, தளர்ந்திருக்கிறது. அந்தக் கதவைக் கழற்றிப் பசையிட்டு இறுக்க வேண்டுமே தவிர, அதற்கு எந்தக் கீலைப் போட்டாலும் நிற்காது. நான் பார்த்த வரையில் சாய்ந்த ஜன்னல்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. கீல் நன்றாகவே இருந்திருக்கும். பழைய கீலைக் கழற்றிப் புதியதை அதே பெருத்த ஓட்டையில் திருகியிருப்பார்கள்.

பெருத்த ஓட்டையைச் சரிசெய்வது எளிது, பொறுமைதான் வேண்டும். தீக்குச்சியைத் திணித்து மேலே ஸ்குருவைத் திருகுவது ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். ஓட்டையை 8 மில்லிமீட்டர் பிட்டால் சுத்தமாகத் துளைத்து, உள்ளே இருக்கும் துருத்தூளைத் தட்டி வெளியேற்றி, தேக்கிலோ வேறு கெட்டி மரத்திலோ உருட்டிச் சீவிய முளையை ஃபெவிகால் போன்ற மரப்பசையில் தோய்த்து அடித்து, ஒரு நாள் முழுக்க உலர விட்டு, பிதுங்கி நிற்கும் தலையை உளியால் மட்டமாகச் சீவிவிடுங்கள். முளையின் நாருக்கு நெடுகவே ஸ்குரு இறங்குவதால் அதன் பிடிப்பு சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். ஆகையால் பழைய ஸ்குரு ஓர் அங்குலம் என்றால் புதியது ஒன்றரை அங்குலமாக இருக்கட்டும். முளையைத் தாண்டிப் பழைய மரத்தைப் போய்க் கவ்வும்.

கீல் வாங்கும்போது நீளத்தை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கழற்றிய பழைய கீலையே கையில் கொண்டு போங்கள். கடை அண்ணாச்சி எடுத்துக் கொடுக்கும் 3 அங்குலக் கீலும் உங்களுடைய 3 அங்குலக் கீலும் நீளத்தில் ஒன்றாக இருந்துகொண்டே, தகட்டின் தடிமனிலும் விரித்த அகலத்திலும் ஸ்குரு ஓட்டைகளின் இடத்திலும் வேறுபடலாம். தகடு தடித்துவிட்டால் மரத்தில் வெட்டிய பள்ளத்துக்கு மேல் கீல் புடைத்து நிற்கும்; அப்படி நின்றால் கீல் பக்கத்து இடைவெளி கூடி, கதவு எதிர்ப்பக்கம் போய் நிலையில் முட்டும். மெலிந்துவிட்டால் இரண்டு மரங்களும் கீல் பக்கத்திலேயே ஒன்றோடொன்று முட்டி, கதவை அழுத்தி மூடினால்கூட ஸ்பிரிங் போல எதிர்த்துத் திறந்துகொள்ளும். முன்னதற்குப் பள்ளத்தை உளியால் சற்று ஆழப்படுத்த வேண்டும். பின்னதற்கு அட்டைத் துண்டு போதும். கீலின் அளவுக்கு வெட்டிய பழைய கல்யாண அழைப்பிதழைவிட இதற்குப் பொருத்தமான பொருளை நான் இதுவரை கண்டதில்லை.

எந்த உலோகம் என்பதும் முக்கியம். தெற்கு நோக்கிப் போகப் போகக் காற்றில் உப்பு கூடுகிறது. வள்ளியூரில் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) 304 வகை தாராளமாகப் போதும். உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் அதே 304 சில மாதங்களிலேயே தேநீர் சிந்தியதுபோல் பழுப்புப் புள்ளி கட்டும். அங்கே மாலிப்டினம் கலந்த 316 தான் தாங்கும். காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை என்றால் நல்ல எஸ்எஸ் என்று சொல்லும் வழக்கம் நம் கடைகளில் உண்டு. முலாம் பூசிய இரும்பைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் விலை மலிவான 202 வகையிலும் காந்தம் ஒட்டாது, அதைக் கொண்டு 202-ஐயும் 304-ஐயும் பிரிக்க முடியாது. தரம் அச்சிட்ட பெட்டியையும் பில்லில் எழுதிய எண்ணையும் நம்புவதே மேல். கீல் எந்த உலோகமோ ஸ்குருவும் அதே உலோகமாக இருக்க வேண்டும்; பித்தளைக் கீலில் இரும்பு ஸ்குருவைத் திருகினால், ஈரம் பட்டதும் இரும்பு விரைந்து அரித்துப்போகும்.

கழற்றும் வேலைக்கு வருவோம். முப்பது ஆண்டுப் பெயிண்ட் ஸ்குருத் தலையின் வெட்டை அடைத்திருக்கும். உடைந்த ஹாக்சா பிளேடுத் துண்டால் அதைச் சுரண்டிய பிறகே திருப்புளியை வையுங்கள். அதன் முனையும் வெட்டின் நீளத்துக்கு நிறைந்து உட்கார வேண்டும். அசையாத ஸ்குருவை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பிவிட்டுப் பிறகு தளர்த்துங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சால்டரிங் அயர்னின் சூடான முனையைத் தலைமேல் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இரும்பு சூட்டில் விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி விட்டுப்போகும். கதவுக்கு அடியில் ஆப்பு வைத்து எடையை அதன்மேல் ஏற்றிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு கீலை மட்டும் கழற்றி மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டால் பழைய இடத்தில் கதவைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் பொழுது போய்விடும். மூன்றடிக்கு மேல் உயரமுள்ள கதவுக்கு இரண்டு கீல் இருந்த இடத்தில் நடுவிலே மூன்றாவதாக ஒன்று சேர்ப்பது நல்லது.

அழகுக்காகப் பித்தளையே வேண்டும் என்றால் ஒரு எச்சரிக்கை. பித்தளை ஸ்குரு மென்மையானது, தேக்கில் நேராகத் திருகினால் பாதியில் தலை முறியும். 8 நம்பர் ஸ்குருவுக்கு 3 மில்லிமீட்டர் பிட்டால் துளைத்து, அதே அளவு இரும்பு ஸ்குருவை ஒருமுறை முழுக்க இறக்கிக் கழற்றிவிட்டு, பித்தளை ஸ்குருவின் மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து அதன்பின் இறக்குங்கள். கையில் டிரில் இருக்கிறதென்று கடைசிச் சுற்றுகளை அதனால் இறுக்காதீர்கள். அவற்றைக் கையால்தான் இறுக்க வேண்டும்.

தாழ்ப்பாளைக் கடைசியாகத் தொடுங்கள். கதவு சாய்ந்தபோது தாழ்ப்பாள் ஓட்டையை விட்டு விலகுவது இயல்பு. அப்போதெல்லாம் ஓட்டையைச் சுரண்டிப் பெரிதாக்கிக்கொண்டே வந்தவர்கள் வீட்டில், கீலைச் சரிசெய்த பிறகு அந்த ஓட்டைக்குள் தாழ்ப்பாள் லொடலொடவென்று ஆடும். கீல்கள் நேரானதும் பெரும்பாலும் தாழ்ப்பாள் தானாகவே அதன் இடத்தில் இறங்கிவிடும். ஆடும் கைப்பிடிகளுக்கும் முளை வைத்தியமே. ஆனால் தினமும் இழுத்து மூடும் கைப்பிடிக்குக் கதவை ஊடுருவிச் செல்லும் போல்ட் போட்டு, உட்பக்கம் வாஷரும் நட்டும் வைத்தால் மறுபடி அந்தப் பேச்சே இருக்காது.

இந்தச் சாமான்கள் எல்லாவற்றிலும் கொக்கியைத்தான் நம்மவர்கள் அற்பமாக நினைக்கிறார்கள். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் மேல்காற்று, உங்கள் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவது போலவே மேற்குப் பக்கக் கதவுகளையும் பிடித்து அடிக்கும். பணகுடி, ராதாபுரம் பக்கத்து வீடுகளில் மேற்கு ஜன்னல்களே முதலில் சாய்வதன் காரணம் இதுதான்: கொக்கி தளர்ந்த கதவு ஒவ்வொரு அடியிலும் மேல்கீலின் ஸ்குருவை ஒரு துளி வெளியே இழுக்கிறது. மெல்லிய கம்பிக் கொக்கியை எடுத்துவிட்டு, குறைந்தது 6 மில்லிமீட்டர் கம்பியில் செய்த கொக்கியைப் போடுங்கள். கொக்கியும் வளையமும் கூடும் இடத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. திறந்து மாட்டிய கதவைக் கையால் தள்ளினால் அது கிலுகிலுக்காமல் நிற்க வேண்டும்.

காலத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும். அப்போது உரசுகிறதென்று இழைப்புளியைப் போட்டால் மாசி பங்குனியில் அந்த இடத்தில் விரல் நுழையும் சந்து தெரியும். சீவ வேண்டியதைத் தைக்குப் பிறகு சீவி, சீவிய ஓரத்துக்கு அன்றே பெயிண்டோ வார்னிஷோ பூசிவிடுங்கள். கீல் கிறீச்சிடுகிறதென்று தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளில் வழக்கம். அது செம்மண் தூசியைச் சேர்த்துப் பிசினாகிவிடும். பென்சிலின் கரிமுனையைச் சுரண்டிய தூளை ஊசியில் தூவினால் போதுமானது.

இனி உவரி வீடு. யுபிவிசி ஜன்னலில் கைப்பிடி சும்மா சுற்றுகிறது என்றால் கைப்பிடிக்குள் இருக்கும் பிணைப்பு தேய்ந்திருக்கலாம், அல்லது சட்டத்துக்குள் மறைந்திருக்கும் பூட்டுப் பட்டையின் பல்சக்கரம் உடைந்திருக்கலாம். கைப்பிடியின் மேல்மூடியைச் சற்றுத் தூக்கித் திருப்பினால் இரண்டு ஸ்குருக்கள் தெரியும். அவற்றைக் கழற்றிக் கைப்பிடியை வெளியே எடுத்து, அதன் சதுரத் தண்டைக் குறடால் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். தண்டு அசையாமல் கைப்பிடி மட்டும் சுற்றினால் கைப்பிடியை மாற்றினால் போதும். இந்த வகையில் பரவலாக வரும் அளவு, தண்டுக்கு 7 மில்லிமீட்டரும் இரண்டு ஸ்குருக்களுக்கு நடுவே 43 மில்லிமீட்டரும்; தண்டு எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பதையும் அளந்துகொண்டு போக வேண்டும். தண்டைத் திருப்பியும் பூட்டு நகரவில்லை என்றால் உள்ளே இருக்கும் பட்டையை மாற்ற ஆள் வேண்டும்.

அந்த ஜன்னலில் கீலுக்குப் பதிலாக மேலும் கீழும் இருக்கும் ஃப்ரிக்‌ஷன் ஸ்டே என்ற மடக்குப் பட்டைகள் காற்றில் கதவை நிறுத்தவில்லை என்றால், உடனே மாற்ற வேண்டாம். பல வகைகளில் நகரும் கட்டையின் மேல் ஒரு சிறு ஸ்குரு உண்டு, அதைக் கால் சுற்று இறுக்கினால் பிடிப்பு வந்துவிடும். மாற்ற நேர்ந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நீளத்தோடு, மடித்த நிலையில் அதன் உயரம் 13 மில்லிமீட்டரா 17 மில்லிமீட்டரா என்பதையும், கதவு பக்கவாட்டில் திறப்பதா மேலே தொங்கித் திறப்பதா என்பதையும் கடையில் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை அவற்றை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உப்பை எடுத்துவிடச் சொல்லுங்கள். ரப்பர் பட்டைகள் படும் இடத்தில் மண்ணெண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். சிலிக்கான் ஸ்பிரேயைப் பயன்படுத்தலாம்.