நாலு மணிப் பசியும் ராத்திரி ஆசையும்: கேட்டவற்றுக்குப் பதில்

வேண்டாம் என்று தெரிந்தும் கை தின்பண்டத்துக்குப் போகிறதே, அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். குளச்சல் முதல் அருமனை வரை பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் உணவியல் ஆலோசகர். மருந்து மாத்திரையில் கை வைப்பது என் வேலை இல்லை. அந்த இடங்களில் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா, தக்கலையில் ஆபீஸ் வேலை. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே சிப்ஸ் கடை. கால் கிலோ ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் வாங்கினால் வீடு சேர்வதற்குள் பாதி காலி. எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?

மனக்கட்டுப்பாட்டை விடுங்கள். காலையிலும் மத்தியானமும் என்ன சாப்பிடுகிறீர்கள்?

காலையில் ஒரு சாயா, ரெண்டு பிஸ்கட். மத்தியானம் டப்பாவில் சோறு, புளிசேரி (மோர்க்குழம்பு), கொஞ்சம் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்).

அப்போது கோளாறு கடையில் இல்லை, காலையில் இருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மத்தியானம் வரை உருப்படியாக ஒன்றுமே உள்ளே போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டிலும் புரதம் கம்மி. நாலரை மணிக்கு உடம்பு பாக்கியைக் கேட்கிறது. அந்த நேரம் பார்த்துக் கண்ணெதிரே ஒருவர் ஏத்தங்காயை எண்ணெய்க்கு மேலேயே பிடித்துச் சீவுகிறார், மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரைத் தெளிக்கிறார், சட்டி சடசடவென்று பொங்கி அடங்குகிறது, தேங்காயெண்ணெய் மணம் ரோட்டுக்கே வருகிறது. வயிறு காலியாக இருக்கிற யார்தான் தாண்டிப் போவார்கள்?

மாவுச்சத்து, கொழுப்பு, உப்பு, மொறுமொறுப்பு எல்லாம் ஒரே துண்டில் சேர்ந்தால் நிறுத்துவது கஷ்டம். 100 கிராம் சிப்ஸில் 500 கலோரிக்கு மேல் இருக்கும். நீங்கள் பஸ்ஸில் முடிக்கிற பாதி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம்.

முதலில் காலையைச் சரி செய்யுங்கள். புட்டும் கடலையும், அல்லது புட்டும் பயறும். நேரமில்லாத நாளில் ரெண்டு அவித்த முட்டை, ஒரு பழம். மத்தியான டப்பாவில் மீனோ முட்டையோ கெட்டியான பருப்போ இருக்கட்டும். மூன்றரை மணிக்கு, ஆபீஸை விட்டு இறங்கும் முன், ரெண்டு மட்டிப்பழமோ ஒரு பிடி வேர்க்கடலையோ சாப்பிடுங்கள். பசி வந்த பிறகு இல்லை, வருவதற்கு முன்பே.

அப்புறம் கடைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சில்லறையாக 50 கிராம் நிறுத்துத் தரச் சொல்லுங்கள். சூடாக, அங்கேயே நின்று, போனைப் பார்க்காமல் தின்றுவிட்டு பஸ் ஏறுங்கள். கால் கிலோ பாக்கெட் பைக்குள் இருந்தால் கை போய்க்கொண்டேதான் இருக்கும்.

மார்த்தாண்டத்தில் காலேஜ் படிக்கிறேன். எடை குறைக்க ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன், காலையில் ஒரு ஆப்பிள் மட்டும். மூன்று நாள் ஓடும். நாலாம் நாள் பரோட்டா, கேக், கையில் கிடைப்பது எல்லாம். அப்புறம் திரும்பவும் பட்டினி. எப்படி நிறுத்த?

பட்டினியை நிறுத்து மக்கா, மற்றது தானாகக் குறையும்.

1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு ஆய்வு நடத்தினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். ஆறு மாதம் அரைப்பட்டினி. கொஞ்ச நாளிலேயே அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. சிலர் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். தட்டில் இருப்பதை மணிக்கணக்கில் அளைந்து அளைந்து தின்றார்கள். பட்டினி முடிந்ததும் வயிறு முட்டத் தின்றும் பசி அடங்கவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. அதற்கு முன் சோற்றைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்களே இல்லை அவர்கள்.

நாலாம் நாள் நீ பரோட்டா தின்பது உன் குணக்கேடு இல்லை, முதல் மூன்று நாளின் விளைவு. மூன்று வேளையும் சாப்பிடு. எடை குறைய வேண்டுமென்றால் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் மீனையும் துவரனையும் கூட்டு. ஒருநாள் அளவு மீறிப் போய்விட்டால் மறுநாள் காலைச் சாப்பாட்டை விட்டு ஈடுகட்டாதே. திரும்பவும் அதே சக்கரத்தில்தான் ஏறுவாய்.

சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டுக் காபி குடித்தால் கணக்கில் வராதுதானே?

வரும். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். எனக்கும் அந்த ருசி பிடிக்கும், அது வேறு விஷயம்.

அப்பாவுக்கு 62 வயது, சுகர் மாத்திரை எடுக்கிறார். பதினோரு மணி வாக்கில் திடீரென்று இனிப்பு வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். வியர்க்கிறது, கை நடுங்குகிறது, எரிந்து விழுகிறார். நாங்கள் டப்பாவை ஒளித்து வைக்கிறோம். சரிதானா?

சரியில்லை. அது நாக்கு கேட்பது மாதிரித் தெரியவில்லை, சர்க்கரை இறங்கிப்போவதன் அறிகுறி மாதிரி இருக்கிறது. கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் காலைச் சாப்பாட்டைக் குறைத்தாலோ தள்ளிப்போட்டாலோ இப்படி வரலாம். உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சீனியோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. பிறகு சாப்பாடு. மீட்டர் கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொண்டு போங்கள். மாத்திரை அளவை அவர்தான் மாற்ற வேண்டும். ஒளித்து வைத்த டப்பாவை இன்றைக்கே எடுத்து வெளியே வையுங்கள்.

முட்டத்திலிருந்து கேட்கிறேன். சாப்பாடு எல்லாம் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மிக்சர் நினைப்பு வந்தால் போகாது. நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கூடத்தான் செய்கிறது.

கூடத்தான் செய்யும். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம், வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள் என்றார். அவர்களுக்குக் கரடி வந்துகொண்டே இருந்தது.

குடி, புகைப் பழக்கத்தை விடுகிறவர்களுக்காக ஆலன் மார்லட் என்பவர் வேறு வழி சொல்லிக் கொடுத்தார். ஆசையை அலை மாதிரி எடுத்துக்கொள்ளச் சொன்னார்: எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். கடற்கரைக்காரரான உங்களுக்கு மேலே விளக்க வேண்டாம். அடக்கவும் வேண்டாம், பின்னால் ஓடவும் வேண்டாம். 'மிக்சர் ஆசை வந்திருக்கிறது' என்று ஒப்புக்கொண்டு அது எங்கே தெரிகிறது, வாயிலா தொண்டையிலா என்று கவனியுங்கள். அடுப்படியை விட்டு வெளியே வாருங்கள், முற்றத்தில் ரெண்டு நடை நடங்கள். பெரும்பாலும் 15, 20 நிமிடத்தில் தணியும். அதற்கும் பிறகு வேண்டும் போலிருந்தால் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, உட்கார்ந்து, டிவியை அணைத்துவிட்டுத் தின்னுங்கள். டப்பாவோடு எடுத்து வந்தால் வேலைக்காகாது.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு. மூன்று மணிக்கு எழும்பணும். பகல் முழுக்க எதையாவது கொறிக்கணும் போலவே இருக்கு. சாயாவுக்கு ரெண்டு வடை இல்லாமல் இறங்காது.

எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் அண்ணே? பதினொன்று என்றால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியது, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. இனிப்பு, உப்புப் பண்டங்கள் மேல்தான் ஆசை அதிகம் போனது.

வெட்டு நாளில் எட்டரைக்குப் படுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணயருங்கள். பால் எடுத்து முடித்ததும் முதலில் கஞ்சியும் பயறும், சாயா அதற்குப் பிறகு. அப்போது ஒரு வடை போதும் என்று உங்களுக்கே தோன்றும்.

மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறாள். மசக்கை ஆசைதானே, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பச்சரிசி, சாம்பல், மண், சாக்பீஸ், ஐஸ்கட்டி இவற்றின் மேல் ஆசை வந்தால் முதலில் ரத்தசோகையைச் சந்தேகிக்க வேண்டும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் சாயாவோடும் பாலோடும் சேர்த்து விழுங்கக் கூடாது, சத்து உடம்பில் ஒட்டாது. திட்டாதீர்கள். திட்டினால் ஒளித்துத் தின்பாள்.

பெயர், ஊர் வேண்டாம். எல்லாரும் தூங்கின பிறகு அடுப்படியில் நின்று பானையில் மிச்சம் இருப்பதெல்லாம் தின்கிறேன். பசியில்லை. வயிறு வலிக்கிற வரை. நிறுத்த முடியவில்லை. அப்புறம் அழுகை. வாரத்தில் ரெண்டு நாளாவது இப்படி, ஓணத்துக்கு முன்பே தொடங்கியது.

எழுதியது நல்லது. மேலே மற்றவர்களுக்குச் சொன்ன உத்திகளை உங்களுக்குச் சொல்லமாட்டேன். வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்து, கட்டுப்பாடு கைவிட்டுப்போய், மறைவாக, வலிக்க வலிக்கச் சாப்பிட்டு, பின்பு வெட்கப்படுவது மருத்துவம் பெயர் வைத்திருக்கிற ஒரு நோய் (binge eating disorder). 2013 முதல் மனநல மருத்துவக் கையேட்டில் தனி நோயாகவே இருக்கிறது. பேச்சு வழிச் சிகிச்சையில் நன்றாகக் குறையும்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தின்றதை வாந்தியெடுக்கும் பழக்கமும் இருந்தால் நாளைத் தள்ளாதீர்கள். அதுவரை எந்த டயட்டும் வேண்டாம். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

கல்யாண வீட்டில் சோறு போதும் போதும் என்று இலையை மூடப் போகும்போது அடைப்பிரதமன் பாயசம் வந்தால் மட்டும் எப்படி இடம் வருகிறது?

ஒரே ருசி சலித்திருக்கிறதே தவிர வயிறு முழுக்க நிறைந்துவிடவில்லை. ருசி மாறினால் ஆசை திரும்பவும் எழும். பப்படத்தையும் பழத்தையும் பிசைந்து ஒரு கரண்டி சாப்பிடுங்கள். ஒருநாள் விருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. வாரத்துக்கு மூன்று கல்யாணம் போகிறவர் மட்டும் முதல் சோற்றைப் பாதியாக்கிக்கொள்ளட்டும்.

வீட்டுக்காரர் துபாயிலிருந்து வரும்போதெல்லாம் சாக்லேட்டைப் பெட்டி பெட்டியாகக் கொண்டு வருகிறார். பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் தின்கிறேன்.

வந்த அன்றைக்கே சொந்தக்காரர் வீடுகளுக்குப் பங்கு வைத்துவிடுங்கள். நாள் கடந்தால் மனது வராது. மிச்சத்தைக் கண்ணாடி ஜாடியில் வைக்காமல் உள்ளே இருப்பது தெரியாத டப்பாவில், ஸ்டூல் போட்டு எடுக்கிற உயரத்தில் வையுங்கள். சோறு சாப்பிட்ட பிறகு ஒன்று, பிள்ளைகளோடு உட்கார்ந்து. அடுத்த தடவைக்கு என்ன வேண்டும் என்று அவர் போனில் கேட்கும்போது பாதாம், பிஸ்தா என்று சொல்லிப் பாருங்கள்.